ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாகப் படிக்கலாமா? வடமராட்சி மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் ரீச்சர். நான் வடமராட்சியில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் கலைப்பிரிவில் படித்தேன். ஆங்கிலம், தமிழ், புவியியல் என் பாடங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாகப் படிக்க நல்ல விருப்பம். ஆனால் வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. அப்பா தோட்டம் செய்கிறவர். "இங்கிலீஷ் கதைக்கப் பழகிறதுக்கு நாலு வருசம் கம்பஸுக்குப் போக வேணுமோ?" என்று கேட்கிறார். கனடாவில் இருக்கும் மாமா, "கணக்கியல் படி, செலவை நான் பாக்கிறன்" என்கிறார். நான் தமிழ் மொழிமூலம் படித்தவள். வாசித்தால் விளங்கும், எழுதவும் செய்வேன், கதைக்கத்தான் தடக்குகிறது. பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களில் இருந்து வரும் பிள்ளைகளோடு சமாளிப்பேனா? ஆசிரியர் வேலையைத் தவிர வேறு எதற்குப் போகலாம்? இப்போது மொழிபெயர்ப்பை எல்லாம் கணினியே செய்கிறதே, அந்தத் தொழில் இனி இருக்குமா?

பதில்:

அன்புள்ள பிள்ளைக்கு,

படியுங்கள். விருப்பம் இருக்கிறது, இடமும் கிடைத்திருக்கிறது. ஒரேயொரு நிபந்தனை வைக்கிறேன்: உயர்தரத்தில் எடுத்த தமிழைக் கம்பஸ் வாசலோடு விட்டுவிடாதீர்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகத்தான் எழுத வேண்டும்.

முதலில் அப்பாவின் கேள்வி. அது நியாயமான கேள்வி. ஆங்கிலம் கதைக்கப் பழகுவதற்கு நாலு வருடம் தேவையில்லை. நெல்லியடியிலும் பருத்தித்துறையிலும் அதற்கு வகுப்புகள் இருக்கின்றன. கொஞ்சக் காலம் ஒழுங்காகப் போய், வெட்கப்படாமல் வாயைத் திறந்தால் அன்றாடத் தேவைக்குக் காணும். ஆங்கிலச் சிறப்புப் பட்டம் வேறு வேலை. அங்கே நாடகம், கவிதை, நாவல் படிப்பீர்கள். அவை இங்கிலாந்தில் எழுதியவை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆபிரிக்கா, கரிபியன், இந்தியா, நம்முடைய இலங்கை என்று ஆங்கிலம் போய்ச் சேர்ந்த இடங்களில் எல்லாம் எழுதப்பட்டவையும் வரும். மொழியியல் படிப்பீர்கள்: ஒலி எப்படிப் பிறக்கிறது, வசனம் எப்படிக் கட்டப்படுகிறது, ஒரு பிள்ளை இரண்டாம் மொழியை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று. இதோடு எழுத்து வேலை ஓயாமல் இருக்கும். ஒரு கட்டுரையை எழுதிக் கொடுத்து, அது சிவப்பு மையோடு திரும்பி வர, அதைத் திருத்தி மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

நாலு வருட முடிவில் கையில் என்ன இருக்கும்? நாற்பது பக்க ஆவணம் ஒன்றை வாசித்து, அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று இரண்டு பக்கத்தில் பிழையில்லாமல் எழுதத் தெரியும். உலகத்தில் சம்பளம் கொடுத்து வாங்கப்படும் திறமைகளில் அதுவும் ஒன்று. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கதைக்கப் பழகப் போகவில்லை, வாசிக்கவும் எழுதவும் போகிறேன் என்று சொல்லுங்கள்.

இனி உங்கள் பயம். கதைக்கத் தடக்குகிறது என்பதற்காக இந்தப் பாடத்தை விட வேண்டாம். நகரப் பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கடகடவென்று கதைப்பார்கள், உண்மைதான். அவர்களுக்கு அந்தப் பழக்கம் வீட்டிலும் வகுப்பிலும் கிடைத்தது. ஆனால் எழுத்துக்கு வந்ததும் கணக்கு மாறும். பல வருடம் விடைத்தாள் திருத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு கவிதையைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னால் ஒரு பிள்ளை, "இக்கவிதை இயற்கையின் அழகைப் பாடுகிறது, கவிஞர் உவமைகளைச் சிறப்பாகக் கையாள்கிறார்" என்று ரியூசன் குறிப்பில் இருந்ததை அழகான ஆங்கிலத்தில் இறக்கி வைக்கும். இன்னொரு பிள்ளை, ஒன்றிரண்டு இலக்கணப் பிழையோடு, மூன்றாவது பந்தியில் கவிஞர் இறந்தகாலத்தை விட்டு நிகழ்காலத்துக்கு ஏன் மாறுகிறார் என்று கேட்டு அதற்குப் பதிலும் எழுதும். இரண்டாவது பிள்ளைக்குத்தான் நான் கூடப் புள்ளி போடுவேன். அந்தப் பிள்ளையின் இலக்கணத்தைத் திருத்திவிடலாம். முதலாவது பிள்ளையைச் சொந்தமாக வாசிக்க வைப்பதுதான் பெரும்பாடு.

நீங்கள் தமிழை ஒரு பாடமாக எடுத்தவர். செய்யுளைப் பதம் பிரித்து, இது யார் கூற்று, எந்த இடத்தில் சொல்லப்பட்டது, ஏன் இந்தச் சொல் என்று பார்க்கப் பழகியிருக்கிறீர்கள். அதே கண்தான் ஆங்கிலக் கவிதைக்கும் தேவை.

கதைப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் கால் மணித்தியாலம் ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்றை உரத்து வாசியுங்கள். பத்திரிகைத் தலையங்கமும் சிறுகதையும் நல்லவை. கைத்தொலைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, அதைப் பொருட்படுத்தாதீர்கள். அப்புறம் வாசித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் சொற்களில் சொல்லிப் பாருங்கள். கூடப் படிக்கும் பிள்ளை ஒருத்தியைப் பிடித்து, பஸ்ஸில் போய் வரும் நேரம் ஆங்கிலத்தில் மட்டும் கதைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சீற்றில் இருப்பவர் என்ன நினைப்பார் என்ற யோசனைதான் எங்கள் பிள்ளைகளின் வாயைக் கட்டிப்போடுவது. ஆங்கிலம் தெரியாததால் வாய் மூடியிருக்கும் பிள்ளைகள் குறைவு.

சரி, தமிழை விடாதே என்று ஏன் சொன்னேன்?

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலமும் தமிழும் கைகோத்து வளர்ந்த கதை பழையது. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கினார்கள். அங்கே ஆங்கிலமும் தமிழும் சேர்த்தே படிப்பித்தார்கள். 1841 இல் வந்த உதயதாரகை தமிழும் ஆங்கிலமும் கலந்த பத்திரிகை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பிறகு ஏடுகளைத் தேடித் திரிந்து, பாடம் ஒப்பிட்டு, கலித்தொகையை 1887 இல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தார். ஆங்கிலக் கல்வி அவரைத் தமிழிலிருந்து தூரப்படுத்தவில்லை.

அண்மைக் காலத்துக்கு வந்தாலும் அதுதான். ஏ. ஜே. கனகரட்ன யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். ஆங்கிலத்தில் வந்த விமர்சனச் சிந்தனைகளைத் தமிழ் வாசகருக்குக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். செல்வா கனகநாயகம் இங்கே கற்பித்துவிட்டுப் போய் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர் ஆனார். ஈழத்துக் கவிதைகளை ஆங்கில வாசகர் முன் வைத்தவர்களில் முக்கியமானவர். 2014 இல் காலமானார். சுரேஷ் கனகராஜா போர்க்காலத்தில், மின்சாரமும் கடதாசியும் தட்டுப்பாடான யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். இங்கத்தைய மாணவர்கள் தங்கள் ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் கிறுக்கி வைத்த குறிப்புகளையும் படங்களையும்கூட ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு, உலகம் முழுவதும் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் வாசிக்கும் நூல் எழுதினார். இப்போது அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இவர்களுக்கு உலகத்திடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது என்றால், அது அவர்கள் இந்த ஊரையும் இந்த மொழியையும் உள்ளே இருந்து அறிந்ததால் வந்தது.

வேலைச் சந்தையிலும் அப்படித்தான். ஆங்கிலம் மட்டும் என்று போனால், வீட்டிலேயே ஆங்கிலம் கதைத்து வளர்ந்த கொழும்புப் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டும். தமிழ் மட்டும் என்றால் இன்னொரு பெரிய வரிசை. இரண்டையும் எழுத்தில் தரமாகச் செய்யக்கூடியவர்கள் மிகக் குறைவு. யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். முதலாம் வருடத்தில் வேறு பாடங்களும் சேர்த்தே படிப்பீர்கள். அதில் ஒன்று தமிழாக இருக்கட்டும். சிறப்புக் கற்கைக்கு யாரை எடுப்பது என்பதில் முதலாம் வருடப் பெறுபேறு முக்கியம் என்பதால், அந்த வருடத்தை வேடிக்கை பார்க்கும் வருடமாக விட்டுவிட வேண்டாம். நிபந்தனைகளைப் பீடத்தின் கைநூலில் வாசியுங்கள். மூத்த மாணவர்கள் சொல்வதை மட்டும் நம்பி இருக்காதீர்கள், விதிகள் இடைக்கிடை மாறும்.

இனி வேலைகள். ஆசிரியர் வேலையைத் தவிர என்று கேட்டிருக்கிறீர்கள். அதைத் தவிர்க்காமலே தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் மாகாணத்துக்கு நல்ல ஆங்கில ஆசிரியர்கள் தேவை. தீவகத்திலும் வடமராட்சி கிழக்கிலும் வன்னியிலும் ஆங்கிலத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாமல் தவணைகள் ஓடிய பள்ளிக்கூடங்களை நான் பார்த்திருக்கிறேன். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போய்ப் படிப்பிப்பது லேசான காரியம் இல்லை. முதல் நியமனம் அப்படியான இடத்துக்குத்தான் வரக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டே இந்தப் பக்கம் வாருங்கள். நியமனமும் பட்டம் முடித்த அடுத்த மாதம் வீட்டுக்கு வராது. அரசாங்கம் விண்ணப்பம் கோர வேண்டும், போட்டிப் பரீட்சை, நேர்முகம் எல்லாம் நடக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரச ஆட்சேர்ப்பு இறுகிப்போனதும் உங்களுக்குத் தெரியும். வேலை கேட்டுக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலக வாசலில் பட்டதாரிகள் பந்தல் போட்டு இருந்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அதனால் அரச நியமனத்தை எதிர்பார்த்து வீட்டில் இருப்பது என்ற திட்டத்தை இப்போதே கைவிடுங்கள். வந்தால் எடுப்போம், வரும்வரை வேறு வேலை செய்வோம் என்று இருங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் கற்பிக்கும் வேலை உண்டு. பல்கலைக்கழகத்தில் எல்லாப் பீடத்து மாணவருக்கும் ஆங்கிலம் கற்பிக்கப்படுகிறது, அதற்குப் போதனாசிரியர்கள் வேண்டும். உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்கள், தொழிற்பயிற்சி நிலையங்கள், ஆங்கில மொழிமூலத் தனியார் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. விரிவுரையாளர் ஆகும் எண்ணம் இருந்தால் முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு வேண்டும். அதற்கு முதல் அரையாண்டில் இருந்தே புள்ளிக் கணக்கில் கவனம் தேவை. ஃபுல்பிரைட், பொதுநலவாயப் புலமைப்பரிசில் போன்றவற்றுக்கு விண்ணப்பித்து முதுமாணி படிக்க வெளியே போகவும் வழி இருக்கிறது.

அடுத்தது மொழிபெயர்ப்பு. உங்களுக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எங்கள் ஊரில் வெளிநாட்டோடு தொடர்பில்லாத வீடு குறைவு. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, மரணச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு, நீதிமன்றத் தீர்ப்பு என்று ஒவ்வொன்றும் விசாவுக்கும் குடியுரிமைக்கும் வழக்குக்கும் ஆங்கிலத்தில் தேவைப்படுகிறது. இவற்றை நியமனம் பெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்து, கையொப்பமும் முத்திரையும் வைத்தால்தான் பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள்.

ஒரு காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். பழைய உறுதி என்றால் முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒன்றரைப் பக்கம் ஓடும். காணியின் பெயர், இத்தனை பரப்பு, இத்தனை குழி, கிழக்கே இன்னாரின் காணி, மேற்கே ஒழுங்கை, வடக்கே இன்னாரும் பங்காளரும், அதிலுள்ள கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, அந்தக் கிணற்றுக்குப் போய்வரும் வழி வாய்க்கால் உரிமை. அது முதுசமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக வந்ததா, சீதனமாகக் கொடுத்ததா, திருமணத்துக்குப் பிறகு தேடிய தேட்டமா என்பதைப் பொறுத்து, யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தில் உரித்தே மாறிப்போகும். தோட்டக்காணிக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர், வயல்காணிக் கணக்கில் 24 பரப்பு. இது தெரியாதவர் எவ்வளவு அழகான ஆங்கிலம் எழுதினாலும் அந்த உறுதியில் பிழை விடுவார். ஒரு பங்கு விடுபட்டால் இரண்டு குடும்பம் பத்து வருடம் வழக்குப் பேசும். உங்கள் அப்பாவுக்குப் பரப்பும் குழியும் கிணற்று முறையும் அத்துப்படியாகத் தெரிந்திருக்கும். வீட்டில் இருக்கும் உறுதியை எடுத்து வைத்து, அவரிடம் ஒவ்வொரு வரியாகக் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள். அதன்பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நீங்கள் படிக்கப் போவது என்ன என்பது அவருக்கும் அப்போது கண்ணெதிரே தெரியும்.

இது தவிர அரச மொழிபெயர்ப்பாளர் சேவை இருக்கிறது. அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆகவே சட்டமூலம், சுற்றறிக்கை, படிவம் எல்லாம் மூன்று மொழியிலும் வர வேண்டும். வருகிற தமிழின் தரத்தைப் பார்த்தால் மனம் நோகும். நல்லவர்கள் அந்த இடங்களுக்குப் போனால்தான் அது மாறும். நீதிமன்றங்களிலும் பாராளுமன்றத்திலும் உரைபெயர்ப்பாளர்கள் வேலை செய்கிறார்கள். வெளிநாடுகளில் எங்கள் ஆட்கள் வைத்தியசாலைக்கும் குடிவரவு விசாரணைக்கும் போகும்போதும் ஒரு தமிழ் உரைபெயர்ப்பாளர் பக்கத்தில் தேவைப்படுகிறார். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மொழிபெயர்ப்புக் கற்கைகள் தனிப் பாடநெறியாகவே இருக்கிறது. ஆனால் ஆங்கிலச் சிறப்பு படித்தவருக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கும்.

கணினி செய்துவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். செய்யும், செய்கிறது. ஒரு செய்தியையோ சாதாரணக் கடிதத்தையோ கூகுளில் போட்டால் முன்பைவிட நல்ல மொழிபெயர்ப்பு நொடியில் வருகிறது. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிச் சும்மா தட்டச்சு செய்து கொடுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு இனி வேலை குறையும். ஆனால் எங்கள் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். தகப்பன் பெயர் எது, பிள்ளையின் பெயர் எது என்று அது மாறாட்டம் செய்யலாம். அம்மாவின் கன்னிப் பெயரைப் புருஷன் பெயரோடு ஒட்டிவிடலாம். கடவுச்சீட்டில் இருக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டல் அதற்குத் தெரியாது. ஓர் எழுத்து மாறினாலும் இரண்டு வேறு ஆட்கள் என்று விண்ணப்பம் திரும்பி வரும். இதைக் கண்டுபிடித்துத் திருத்தி, சரி என்று கையொப்பமிட்டு, நாளை நீதிமன்றத்தில் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இனிமேல் மொழிபெயர்ப்பாளரின் நேரம் எழுதுவதைவிடச் சரிபார்ப்பதில்தான் கூடப் போகும். சரிபார்க்க இரண்டு மொழியும் இன்னும் ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும். அரைகுறையாகத் தெரிந்தவருக்குக் கணினி விட்ட பிழை கண்ணில் படாது.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரச சார்பற்ற நிறுவனங்களில் கள அறிக்கை, திட்ட முன்மொழிவு எழுதும் வேலை இருக்கிறது. போர் முடிந்த காலத்தில் இருந்த அளவு நிறுவனங்கள் இப்போது இல்லை, வேலையும் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான். ஆனால் மக்கள் தமிழில் சொன்னதை நேர்மையாக ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவரைத் தேடிக் கூப்பிடுவார்கள். ஊடகம் இருக்கிறது, சம்பளம் குறைவு, கற்றுக்கொள்வது அதிகம். யாழ்ப்பாணத்திலும் மென்பொருள் நிறுவனங்கள் வந்துவிட்டன. அங்கே பயனர் வழிகாட்டி எழுதவும், வெளிநாட்டு வாடிக்கையாளரோடு தொடர்பு வைக்கவும் தெளிவாக ஆங்கிலம் எழுதுபவர் தேவை. எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய நிர்வாக சேவை, வெளிநாட்டுச் சேவைப் பரீட்சைகள் இருக்கின்றன. வங்கிகளும் கலைப் பட்டதாரிகளைப் பயிலுநராக எடுப்பதுண்டு. சட்டம் படிக்கலாம், நூலகவியல் படிக்கலாம். இவை எதற்கும் ஆங்கிலப் பட்டம் நேரடியான நுழைவுச்சீட்டு இல்லை. உள்ளே போன பிறகுதான் அதன் பலன் தெரியும்.

மாமாவின் யோசனையை உதாசீனம் செய்யாதீர்கள். அக்கறையில் சொல்கிறார், அங்கே குளிரில் உழைத்த காசைத் தருகிறேன் என்கிறார். கணக்கியல் நல்ல தொழில்தான். இலக்கங்களில் மனம் லயிக்கிற பிள்ளைக்கு நானே அதைச் சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் கணக்கைப் பற்றி ஒரு வரி விருப்பமும் இல்லை. தொழில்முறைக் கணக்கியல் பரீட்சைகளுக்குத் தாளுக்குத் தாள் கட்டணம், சிலவற்றுக்கு வெளிநாட்டு நாணயத்தில். விருப்பமில்லாத பாடத்தில் ஒரு தாள் இரண்டு முறை தவறினால் அந்தச் சுமை மாமாவின் தலையிலும் ஏறும், உங்கள் மனதிலும் ஏறும். பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. குடும்ப வருமானத்தைப் பொறுத்து மகாபொல புலமைப்பரிசில் அல்லது உதவிப்பணம் கிடைக்கும். மாமாவுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள், அம்மாவைக் கொண்டு சொல்விக்க வேண்டாம். என்ன படிக்கப் போகிறேன், ஏன், நாலு வருடத்தில் எங்கே நிற்பேன் என்று எழுதி, உதவ விரும்பினால் ஒரு மடிக்கணினி வாங்கித் தாருங்கள் என்று கேளுங்கள். அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். மாமாவின் பிள்ளைகளுக்கு அதையே ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

தெரிவுக்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி வரும். அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது. யாழ் பொது நூலகத்தில் அங்கத்துவம் எடுத்து, அகராதியை ஒவ்வொரு சொல்லுக்கும் புரட்டாமல் முழு நாவலாக வாசியுங்கள். விளங்காத சொல்லை விட்டுவிட்டு மேலே போங்கள், கதை இழுத்துக்கொண்டு போகும்போது பாதிச் சொற்கள் தாமாகவே விளங்கும். வாரத்துக்கு ஒரு பக்கம் மொழிபெயருங்கள். ஒரு வாரம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு, மறு வாரம் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. எடுக்கப் பக்கம் இல்லையென்றால் 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத் தளத்தில் ஈழத்துச் சிறுகதைகளும் பழைய சஞ்சிகைகளும் கொட்டிக் கிடக்கின்றன. செய்ததைத் திகதி போட்டு ஒரு கோவையில் வையுங்கள். மூன்றாம் வருடத்தில் ஒருவர் வேலை தர முன்வந்து, என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்கும்போது அந்தக் கோவையைக் காட்டலாம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் விரைவாகத் தட்டச்சு பழகுங்கள், தமிழை யுனிகோடில்.

சிங்களமும் படியுங்கள். இதைச் சொன்னால் முகம் சுளிக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். ஆனால் அரச வேலைக்குப் போனால் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்டியாக வேண்டும். மொழிபெயர்ப்பிலோ நீதிமன்றத்திலோ போனால் மூன்று மொழியும் தெரிந்தவருக்கு இருக்கும் கிராக்கி வேறு. எழுத்தும் அடிப்படை வாசிப்பும் என்ற அளவிலாவது இந்த மாதங்களில் தொடங்கிவிடுங்கள்.

கடைசியாக, அவசரமான ஒன்று. தெரிவுக் கடிதம் வந்ததும் பதிவுக்குத் தரப்படும் கால எல்லை குறுகியது. ஆணைக்குழுவின் இணையப் பதிவையும் பல்கலைக்கழகம் கேட்கும் ஆவணங்களையும் கடைசி நாளுக்குத் தள்ள வேண்டாம். வீட்டில் வாக்குவாதம் முடியட்டும் என்று காத்திருந்து திகதி தவறினால் இடம் கைவிட்டுப் போய்விடும். முதலில் பதிவைச் செய்யுங்கள். சிறப்புப் பாடம் எது என்ற முடிவுக்கு முதலாம் வருடம் முழுவதும் இருக்கிறது, அப்பாவோடும் மாமாவோடும் அதுவரை ஆறுதலாகக் கதைக்கலாம்.